அப்பாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி

லாபிஸ்,
ஜனவரி 18.

அன்பு மகள் மெலிசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், ஆனால் பேனாவை எடுத்தால் அந்த வரி வர மாட்டேன் என்கிறது பாப்பா. இங்கே யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி சுகமாக இல்லை. நீயாவது அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதியோர் இல்லத்து வேலையில் ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி என்று தம்பி ஷானிடம் சொன்னாயாமே, அது எப்படி இருக்கிறது? கிறிஸ்மஸுக்கு நீ அனுப்பிய மெசேஜ் கிடைத்தது. வருஷத்துக்கு ஒன்றாக இந்த ஒன்பது வருஷத்தில் ஒன்பது மெசேஜ், ஒன்றையும் அழிக்கவில்லை, போன் மாற்றியபோதும் ஷானிடம் சொல்லி அதை முதலில் புதுப் போனில் ஏற்றிக்கொண்டேன். இப்போது சொல்லப்போவதை மெசேஜில் அடிக்க எனக்குத் தெரியாது, அதனால்தான் அவனை நச்சரித்து உன் நியூசிலாந்து முகவரியை வாங்கினேன். அக்கா கோவிச்சுக்கும்மா, என்னைத்தான் திட்டும் என்று பத்து தடவை சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். அவன் ஜொகூர் பாருவிலிருந்து விடியாத நேரத்தில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான், அவன் பெண்டாட்டி ரூபினிக்கு இது ஐந்தாம் மாசம், வாந்தி நின்றபாடில்லை, ஊறுகாயும் மாங்காய்ப் புளிப்பும்தான் சாப்பாடு. இங்கே மழை விடாமல் பெய்து கடைவரிசைக்குப் பின்னால் தண்ணீர் ஏறிவிட்டது, நம் வீட்டுக்குள் வரவில்லை. ரம்புத்தான் மரத்தை வெட்டிவிட்டார்கள், கிளை கரண்டு கம்பியில் படுகிறதாம். ஹால் இப்போது பளீரென்று வெளிச்சமாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவைப் பற்றி எழுதினால் நீ இந்தத் தாளைக் கிழித்துப் போடுவாய் என்று தெரியும். கிழிப்பதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி. அப்பா சபைக்குப் போகிறார் என்று ஷான் சொல்லியிருப்பான், ஆனால் அவன் எல்லாவற்றையும் மேலோட்டமாகச் சொல்கிறவன். ஒன்றரை வருஷம் முன்பு சர்க்கரை முற்றி இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அப்போது பக்கத்துக் கட்டில்காரருக்கு ஜெபம் பண்ண தீபன் என்று ஒரு பாஸ்டர் வந்தார், முன்னே மர லாரி ஓட்டினவர், கை இரண்டும் உரல் மாதிரி இருக்கும். உங்களுக்கும் ஜெபிக்கட்டுமா அண்ணே என்று மரியாதைக்குக் கேட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இவராகவே கையைக் காட்டி அவரைக் கூப்பிட்டார், என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நான் கீழே கேன்டீனில் இருந்தேன். வீட்டுக்கு வந்த அன்றே ஐஸ்பெட்டியில் இருந்த பீரையெல்லாம் நொண்டிக்கொண்டே போய்க் கால்வாயில் ஊற்றினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்டேன். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று நானும் காத்திருந்தேன், ஒரு மாசம், இரண்டு மாசம், ஆறு மாசம். பொய் சொல்லக்கூடாது பாப்பா, அவர் திரும்ப விழவில்லை. சத்தம் போடுவதில்லை, சாப்பிட்ட தட்டை அவரே கழுவுகிறார், நீ சாப்பிட்டியா என்று என்னைக் கேட்கிறார். முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குப் பயமாகிவிட்டது, யாரோ அயல் வீட்டு ஆம்பிளையோடு தனியாக இருப்பது போல இருந்தது. எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம். தேத்தண்ணி சூடாக இருந்தால் ஸ்தோத்திரம், கரண்டு போனால் ஸ்தோத்திரம். ஒரு நாள் சபை ஞாபகத்தில் சிஸ்டர், கொஞ்சம் தண்ணி கொண்டாங்க என்று என்னையே கூப்பிட்டுவிட்டார். அலமாக், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு நான் உங்களுக்கு சிஸ்டரா என்று கேட்டேன், அன்றைக்கு இரண்டு பேருமே சிரித்தோம். அவரோடு சேர்ந்து நான் சிரித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

அந்தச் சபை பத்து பாகாட் டவுனில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து லாபிஸ், யோங் பெங் ஆட்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். நான் நம் கோயிலை விட்டுப் போகவில்லை. ஒரு தடவை மட்டும், நான் சாட்சி சொல்லப்போறேன், நீ வரணும் கத்தரின் என்று கெஞ்சினார், போனேன். கைப்பைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உனக்குத் தெரியும், நமக்குப் பாவசங்கீர்த்தனம் என்றால் பெட்டிக்குள் ஃபாதர் காதில் மெதுவாகச் சொல்வது, அவர்களுக்கு மைக். அப்பா இருபது நிமிஷம் பேசினார். குடித்தது, நாலு நம்பர் லாட்டரி வாங்கியது, ஆலையில் மேனேஜரை அடித்தது எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில், கோவத்துல என் மகளையும் அடிச்சிருக்கேன், ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரு என்றார். எல்லாரும் கையைத் தட்டி அல்லேலூயா என்றார்கள், பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மகளையும் என்றார் பாரு, அந்த யும்தான் காதிலேயே நின்றது, மேனேஜரோடும் நாலு நம்பரோடும் சேர்த்து நீயும் ஒரு யும். கத்தரிக்கோலைச் சொல்லவில்லை. உன் முடியைப் பிடித்து வெட்டியதையும், காது கிழிந்து ஏழு தையல் போட்டதையும், பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று கிளினிக்கில் சொன்னதையும் சொல்லவில்லை. லக்ஷ்மனோடு நீ பழகியது தெரிந்து அவன் அப்பா விசுவலிங்கம் காரில் வந்து, உங்க எஸ்டேட்டுப் பிள்ளைய அடக்கி வையுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்தப் பெரிய மனுஷனை அடிக்க தைரியமில்லாமல்தான் உன்னை அடித்தார் என்பதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் உன்னை அறையில் போட்டுப் பூட்டியதைச் சொல்லவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், மைக்கில் விட்டுப்போனது ஒரு தாளிலாவது இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஆண்டவர் மன்னித்தது இருக்கட்டும், பாப்பாவிடம் எப்போது கேட்கப்போகிறீர்கள் என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், தன் பேரையே சொல்லி, அந்த ஸ்டானிஸ்லாஸ் செத்துட்டான் கத்தரின், வேதத்திலேயே இருக்கு, பழசெல்லாம் ஒழிஞ்சு போச்சு, செத்தவன தோண்டாதே என்றார். ஏமாற்றுவதற்குச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை, மனசார நம்பித்தான் சொன்னார். செத்துப்போனவரிடம் நான் எந்தப் பஞ்சாயத்தைக் கூட்ட முடியும்? அடித்தவர் போய்விட்டார், அடிபட்ட பிள்ளை மட்டும் கடல் தாண்டி இன்னும் உயிரோடு இருக்கிறது, நல்ல நியாயம். எப்போது உன் பேச்சை எடுத்தாலும் இதே பதில். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது, நான் கல்லறைக்குப் போய்ப் புல்லைப் பிடுங்கி, நம் ஆட்களுக்கெல்லாம் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு, ஒன்றை மட்டும் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஹாலில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மேசையில் அந்த மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து, சிலுவை போட்டு, மரித்த ஸ்டானிஸ்லாஸின் ஆத்துமத்துக்கு என்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். முதலில் சிரித்தார், என்னா விளையாட்டுலா இது என்றார். நான் சிரிக்கவில்லை. செத்தவங்களுக்கு நாங்க இதைத்தான் செய்வோம், நீங்க குடிங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தேத்தண்ணி அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது, பிஸ்கட் உள்ளே கரைந்துபோய்விட்டது, அவர் அந்த மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது எரிந்து முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று முழுவதும் ஒரு ஸ்தோத்திரமும் வரவில்லை.

அந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை அவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் என்று முன்னமே நாள் குறித்திருந்தார்கள். குழந்தையிலேயே நம் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கின ஆளை இன்னும் எத்தனை தடவை கழுவுவார்கள் என்று எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு சேற்றில் எப்படி நடப்பார் என்று துண்டையும் மாற்றுத் துணியையும் எடுத்துக்கொண்டு கூடவே போனேன். பத்து பாகாட் பக்கத்துக் கடற்கரை, ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்னே விடிந்ததும் இறங்கினார்கள், அங்கே மணல் கிடையாது, எல்லாம் சேறு. பதினோரு பேர், எல்லாரும் வெள்ளைச் சட்டை, அப்பா ஏழாவது ஆள். பாஸ்டர் முதுகில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கேட்பார், பழைய வாழ்க்கைய விட்டுட்டீங்களா என்று, அவர்கள் ஆமென் என்பார்கள், முக்கி எடுப்பார், கரையில் பாட்டு. அப்பாவையும் கேட்டார். அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. பாஸ்டர் மறுபடியும் கேட்டார். அப்போது அப்பா, இல்ல பாஸ்டர், அவன் சாகல, நான்தான் அவன், ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேன், பிள்ளகிட்ட கேக்கல, கேக்காம முங்கி எந்திரிச்சா அது வெறும் குளிக்கிறதுதான் என்றார். கரையில் பாட்டு நின்றுபோனது. பாஸ்டர் ஏதோ மெதுவாகச் சொன்னார், அப்பா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். விரல் இல்லாத கால் சேற்றில் வழுக்கி முட்டி போட்டு விழுந்தார், எழுந்தார், இன்னொரு தடவை விழுந்தார். நான் செருப்போடு இறங்கித் தூக்கினேன். தலை மட்டும் நனையவில்லை. வேனில் திரும்பி வரும்போது ஒருவரும் பாடவில்லை, நனைந்த துணி வாடை மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஏதோ நல்லது நடந்தது என்று நான் எழுதப்போகிறேன் என்று நினைக்காதே. சபை ஆட்கள் சாத்தான் தடுத்துவிட்டான் என்கிறார்கள், மாதா படம் வைத்திருக்கிற பெண்டாட்டியால்தான் என்று ஒரு அம்மா என் காதுபடவே சொன்னாள். அங்கே முழுக்கு எடுக்காதவருக்குத் திருவிருந்து அப்பம் கிடையாது, நம் கோயிலுக்கு வர அவருக்கு மனசில்லை, இரண்டுங்கெட்டானாக வீட்டிலேயே இருக்கிறார். தீபன் பாஸ்டர் மட்டும் செவ்வாய்க்கிழமை வந்து ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்துவிட்டுப் போகிறார். செத்துட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு முகத்தில் ஒரு களை இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது. தான் என்ன செய்தோம் என்று முழுசாகத் தெரிந்த ஒரு மனுஷனோடு நான் குடியிருக்கிறேன், இது குடிகாரனோடு இருப்பதைவிடக் கஷ்டம் பாப்பா. உன்னிடம் பேச என் போனைக் கேட்டார், கொடுக்கவில்லை. அவர் குரலைக் கேட்டால் நீ எனக்கு அனுப்புகிற அந்த ஒரு மெசேஜும் நின்றுபோகும் என்று பயம். நீயே எழுது, மன்னிப்புக் கேட்டேன்னு எழுது என்றார். உங்கள் வாய்க்கு நான் கூலி எழுத்துக்காரி இல்லை, நீங்களே எழுதுங்கள் என்றேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்த எழுத்து, விரலும் மரத்துப்போயிருக்கிறது, தினமும் காலையில் உட்கார்ந்து மகள் மெலிசாவுக்கு என்று எழுதி அதோடு நிறுத்திவிடுகிறார். அந்தத் தாள் எதையும் இதில் வைக்கவில்லை, அது அவர் வேலை. இருதயம் கால்வாசிதான் வேலை செய்கிறதாம், போன வாரம் டாக்டர் சொன்னார். இதைச் சொல்லி உன்னை மிரட்டவில்லை, நாளைக்கு ஷான் திடீரென்று போன் செய்தால் அம்மா ஏன் மறைத்தாள் என்று நினைக்கக்கூடாதே என்றுதான். நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அதற்கு வாயில்லை. முப்பது வருஷம் அவர் மனந்திரும்ப வேண்டும் என்று நவநாள் செபம் சொன்னேன், ஆண்டவர் கேட்டதைக் கொடுத்துவிட்டார், கொடுத்த பிறகும் வீட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை. மேலே என்ன செபிப்பது என்று தெரியாமல் செபமாலையை வெறுமனே உருட்டுகிறேன்.

இப்போது எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். அவர் சேற்றில் விழுந்து எழுந்து வந்தபோது நான் கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பெரிய நீதிபதி மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு மெழுகுவத்தி கொளுத்தத் தெரிந்த எனக்கு என் கணக்குத் தெரியவில்லை. மாசம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், கோபப்பட்டேன் ஃபாதர், ஒரு பூசை தவறவிட்டேன் ஃபாதர், இவ்வளவுதான் ஒன்பது வருஷமும். அப்பா அடித்த அன்றைக்கு நீ அம்மா அம்மா என்று கத்தியது எனக்குக் கேட்டது. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். நான் அடுப்படியில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு சபாபதி குடும்பத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர், அவர்கள் காதில் விழக்கூடாதே என்று பிளெண்டர் சுவிட்சைத் தட்டிவிட்டேன். ஜாடிக்குள் ஒன்றும் இல்லை. நீ கத்தி ஓயும்வரை வெறும் ஜாடியை ஓடவிட்டுக்கொண்டு நின்றேன். அந்த அறையை முதல் நாள் பூட்டினது அப்பா, மற்ற நாளெல்லாம் பூட்டினது நான். அவர் ஆலைக்கு வேலைக்குப் போனபிறகு சாவி என் கையில்தான் இருந்தது, சோற்றை வைத்துவிட்டு மறுபடியும் பூட்டிவிட்டு, அடிக்கிற கைதான் அணைக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோ என்று வெளியே நின்று உனக்குப் பழமொழி வேறு சொன்னேன்.

இந்தக் கிறிஸ்மஸுக்கு வந்தபோது ஷான் சொன்னான். அக்கா ஏன் உங்களுக்கு மட்டும் மெசேஜ் அனுப்புது தெரியுமாம்மா, அன்னைக்கு அப்பாவுக்குத் தெரியாம நீங்கதான் கதவைத் தொறந்து விட்டீங்களாம், அந்த ஒண்ணுக்காகத்தானாம் என்றான். நான் தலையை ஆட்டினேன். அன்றைய பூசையில் நற்கருணை நன்மை வாங்க எழுந்தேன், வரிசையில் போகாமல் உட்கார்ந்துவிட்டேன், அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பாப்பா, நான் திறந்துவிடவில்லை. பதின்மூன்றாம் நாள் தட்டை உள்ளே வைக்கும்போது அடுப்பில் பால் பொங்கிக் கருகிற வாசம் வந்தது, ஓடினேன், பூட்ட மறந்துபோனேன், அவ்வளவுதான் நடந்தது. வந்து பார்த்தால் கதவு திறந்திருந்தது, நீ இல்லை. தப்பித்தாளே பிள்ளை என்று எனக்கு சந்தோஷம் வரவில்லை, அவருக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயம்தான் வந்தது. ரோடு வரைக்கும் ஓடினேன். உன்னைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவரத்தான் ஓடினேன்.

இதை ஃபாதரிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கிறிஸ்மஸுக்கு மெசேஜ் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன், நான் செய்யாத ஒன்றுக்காக வருவதை இனிமேல் வாங்கிக்கொள்ள முடியவில்லை. என்னை மன்னித்துவிடு பாப்பா. பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

முகவரி கொடுத்ததற்காக ஷானிடம் கோபித்துக்கொள்ளாதே, ரூபினியிடம் மாசத்துக்கு ஒரு தடவையாவது பேசு, அவளுக்கு அக்கா தங்கை யாரும் கிடையாது. இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, வலி மாத்திரையாகவே விழுங்காதே. இங்கே இருந்தபடியே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், உனக்கு வேண்டாமென்றால் துடைத்துவிடு. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், நான் காப்பாற்றவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற அம்மா,
கத்தரின் ஸ்டானிஸ்லாஸ்